கஜானி பிடித்த நெய்ப்பந்தம்

சிவமயம்

சுன்னாகம்.

அன்புள்ள மகன் சுபாஸ்கரனுக்கு அம்மா எழுதுவது,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். உன் சித்தப்பா மகன் செந்தூரன் இதைப் படம் பிடித்து அனுப்புவான். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. அப்பா செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. தோட்டத்தில் வெங்காயம் கிண்டவேண்டும், ஆட்கள் இல்லை.

“உந்தக் கறுவல் பிள்ளையை ஆர் பந்தம் பிடிக்க விட்டது? கனடா முழுக்கப் பாத்திட்டுது!” என்று செந்தூரனிடம் கத்தினாயாம். நான்தான் விட்டேன். தாத்தாவின் பிரேதத்தைச் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிப்பது பேரப்பிள்ளைகள்தானே? உன் மகள் வரவில்லை. உன் தங்கை வினோஜாவின் மகள் லண்டனிலிருந்து வந்து நின்றாள். தகப்பன் கானா நாட்டுக்காரர் என்பதற்காக அவளை எங்கே ஒளித்து வைப்பது? செந்தூரன் நேரலைக் கமெராவை மெல்ல மறுபக்கம் திருப்பினான். அழுதுகொண்டிருந்த நான் எழும்பி, “நேர பிடியடா, அவளும் இந்த வீட்டுப் பிள்ளைதான்” என்றேன்.

அதைப் பார்த்துத்தான் உன் மகளின் சம்பந்தம் குழம்பியதாம். உனக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை என்று அந்த டொக்டர் வீட்டாருக்குச் சொன்னது யார்? பொய் சொன்னது நீ, குடியைக் கெடுத்தது நானா? பெரிய இடம், பெரிய இடம் என்று ஓடி, தங்கை குடும்பம் நிற்கிறது என்று பெற்ற தகப்பனின் செத்தவீட்டுக்கும் வராமல் விட்டாய்.

நிறத்தைப் பற்றி நீ கதைக்காதே. வெயிலில் தோட்டம் கொத்திய உன் அப்பாவின் முதுகு என்ன வெள்ளையா? வினோஜா தன் பிள்ளைக்குக் கஜானி என்று பெயர் வைத்தாள். நீ உன் மகளுக்கு வைத்த பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை.

நீ வராததால் கொள்ளி வைத்ததும் கஜானியின் தகப்பன், என் மருமகன்தான். வேட்டி இடுப்பில் நிற்காமல், மேலே பெல்ட் கட்டிக்கொண்டு போனார். ஊர் பார்த்துக்கொண்டுதான் நின்றது.

தங்கை குடும்பத்தை அனுப்பினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவேன் என்றும் செந்தூரனிடம் சொன்னாயாம். அனுப்பமாட்டேன். கொள்ளி வைத்தவர் கீரிமலைக் கடலில் சாம்பல் கரைக்கும் கடமையையும் செய்வார். நீ வந்தால் அவருக்குப் பக்கத்தில் நில்.

ஆனாலும் வா, ராசா. உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். கஜானி, “மாமா எப்ப வருவார்?” என்று கேட்டபடியே இருக்கிறாள். வாசல் கேற்றடிக்கு முதலில் ஓடி வரப்போவதும் அவள்தான். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வா. தூக்க மனமில்லையென்றால், அங்கேயே நலமாக இரு, மகனே.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற அம்மா,
மீனாம்பிகை