மூத்தாளுக்கு வைத்த கல்

அன்பு மகள் ஒசெனுக்கு அம்மா எழுதுவது. மலையில் முதல் பனி விழுந்துவிட்டது, ஆனாலும் இந்த வருஷம் வீட்டில் யாரும் இருமிக்கொண்டு படுக்கவில்லை, உன் அண்ணன் இவாநோசுகே, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், நன்றாகச் சண்டையும் போடுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஷிகோகுவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் இதைவிடச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சின்னவளுக்கு வயிறு சரியில்லை என்று எழுதியிருந்தாய், பால் கொடுக்கிறவள் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடாதே, உன் மாமியார் எதையாவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதே, அவர் சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கும். முள்ளங்கி ஊறுகாய் போட்டாயிற்று. மருந்து வியாபாரி தெற்கே கிளம்புகிறார் என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன், மனதில் இருப்பதை உன்னிடம் கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

இந்த இலையுதிர் காலத்தில் உன் அப்பாவின் பதின்மூன்றாம் நினைவு நாள் வந்தது. ஆற்றங்கரைக் கோவிலில் அவருக்குக் கல் நிறுத்தும்படி பிரபுவே உத்தரவு போட்டார். இங்கே இப்போது யாரும் அவரை முரோய் ஜிம்பெய் என்று சொல்வதில்லை, பாலத்து ஜிம்பெய் என்றுதான் சொல்கிறார்கள். கோட்டையிலிருந்து பெண்டு பிள்ளைகள் தப்பிப் போகும்வரை எதிரிப் படையை நகஸே பாலத்தில் கொட்டுகிற மழையில் தனியாளாக மறித்து நின்றாரே, அந்த ஒரு நாள் போதும் என்றாகிவிட்டது. பையன்கள் பாலத்தில் மூங்கில் கழி சுற்றும்போது யார் ஜிம்பெய் ஆவது என்று மூக்கை உடைத்துக்கொள்கிறார்கள். வெளியூர் வீரர்கள் வந்து பாலத்துக் கட்டையில் சிராய் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள், தாயத்துக்காம். அதிலெல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் அவர் கல்லை ஒட்டினாற்போல் இன்னொரு கல் வைத்தார்கள் ஒசென், மூத்தாளுக்கு! ஒஸாயே என்று பெயர் வெட்டி, கீழே உத்தம மனைவி என்றும் வெட்டி! அவள் தம்பி தொதோகி இப்போது பெரிய அதிகாரி அல்லவா, அவர்தான் முன்நின்று செய்தார். இளைய மனைவிக்கு என்ன மரியாதை என்று கோவில் பிக்கு கேட்டாராம், அதற்கு அவர், "அந்தம்மா நல்லாத்தானே சாப்பிட்டு நடமாடிக்கிட்டு இருக்காங்க, கல்லு எதுக்கு?" என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பாட்டு. ஜோய்ச்சி என்று பார்வை இல்லாத ஒரு பாடகர், பீவா என்கிற தந்தி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்திரம் சத்திரமாகப் பாடுகிறார். அதில் போர் நாள் விடியலில் ஒஸாயே தலைக்குக் குளித்து, தன் கையாலேயே கணவருக்கு நெற்றிப் பட்டை கட்டி, திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்று வழியனுப்புகிறாள். ஊரே அழுகிறது. அந்த விடியலில் ஒஸாயே எங்கே இருந்தாள்? உன் அண்ணனைப் பெற்ற கையோடு செத்துப்போய், அவளுடைய மூன்றாம் வருஷ நினைவும் முடிந்திருந்தது. அந்த வீட்டில் இருந்தது நான். இடுப்பில் நீ, உடம்பு அனலாகக் கொதிக்கக் கத்திக்கொண்டிருந்தாய், என் ஆடையைப் பிடித்துக்கொண்டு உன் அண்ணன். நான் எந்த நெற்றியிலும் எந்தப் பட்டையும் கட்டவில்லை. உன் அப்பாவின் அங்கிக் கையைப் பிடித்து இழுத்தேன், அது தையலோடு பிய்ந்து வந்தது. "போறதானா போயிட்டே இருங்க, திரும்பி வந்தா கதவைத் திறக்கமாட்டேன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். போய்விட்டார். எல்லாம் முடிந்து உடம்பெல்லாம் சேறும் ரத்தமுமாக வந்து, அவ்வளவு பெரிய வீரர், வாசலில் நின்று "ஒகிவா, திறப்பியா?" என்று கேட்டார். பாட்டில் இதெல்லாம் இல்லை.

அதனால் ஜோய்ச்சியை வீட்டுக்கே கூப்பிட்டு அனுப்பினேன். மிசோ சாறு சுடச்சுட ஊற்றி, நல்ல காகிப் பழமாகப் பொறுக்கி வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். மனுஷன் பழத்தின் கொட்டையைக்கூட வீணாக்காமல் சப்பிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அம்மா, நீங்க சொல்றது நிஜம்தான், குரல்லயே தெரியுது. ஆனா புருஷன் சட்டையைக் கிழிச்ச பொண்டாட்டிய வெச்சு நான் என்னத்தப் பாடறது? ஜனங்க சிரிச்சிடுவாங்க. செத்தவங்கன்னா நாம எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்புவாங்க, நீங்க திரும்புவீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். "அதான் பாருங்க" என்று வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இருபத்தொரு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். மழைக்காலத்தில் பாலத்துச் சண்டையில் பட்ட வெட்டுக்காயத் தழும்பு வலிக்கும், கல்லைச் சூடுபண்ணித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தவள் நான். ஒன்றரை வருஷம் வாழ்ந்துவிட்டுப் போனவள் இருபது வயது முகத்தோடு அப்படியே இருக்கிறாள், அவளுக்கு நரைக்கவே போவதில்லை. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை போட்டுப் பார்க்கலாம், இவளோடு என்னத்தைச் சண்டை போடுவது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் உன் அண்ணன் சத்திரத்தில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது. நாற்பது ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவன், அடுப்படியில் வந்து சின்னப் பிள்ளைபோல் உட்கார்ந்தான். நான் விறகைத் தள்ளிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், அத்தனையும் பொய், உன் அம்மா அப்போது உயிரோடே இல்லை என்று போட்டு உடைத்தேன். அவன் கோபிக்கவில்லை. "தெரியும்மா. வருஷா வருஷம் அவங்களுக்கு ஊதுவத்தி ஏத்தறவன் நான், எனக்குத் தெரியாதா? அவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, குரல் தெரியாது. அந்தப் பாட்டுல மட்டும் அவங்க பேசறாங்க. அதைக் கேட்டுக்கறேனே" என்றான். பிறந்ததுமே அம்மா இல்லாமல் போனவனை, அரிசிக் கஞ்சி வடித்த நீர் ஊட்டி வளர்த்த வீட்டில் நான் வாழ வந்தேன், நடக்கப் பழக்கினது நான், அம்மா என்று அவன் முதலில் சொன்னது என்னைப் பார்த்து. இவ்வளவு நாளும் உன் அப்பாவைத்தான் அவளிடம் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, எனக்கு அவரைப்பற்றி அவ்வளவு கவலை இல்லை, இவனைத்தான் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

கல் நிறுத்திய அன்று கோவிலில் நிற்க இடமில்லை. தொதோகி தன் அக்காவின் கல்லுக்கு முன்னால் பட்டு விரித்து உட்கார்ந்திருந்தார், எனக்கு மூன்றாவது வரிசை. சடங்கு முடிந்ததும் ஊர்ப் பெண்கள் நல்ல புருஷன் வேண்டும், சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று ஒஸாயே கல்லைத் தடவித் தடவிக் கும்பிட்டார்கள். பெற்ற கையோடு செத்தவளிடம் சுகப்பிரசவம் கேட்கிறார்கள், சொல்லிச் சிரிக்கக்கூட ஆள் இல்லை எனக்கு. கால் கடுத்து மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். மாசமாக இருந்த ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து, "பெரியம்மா, நீங்க அந்த வீட்ல வேலை பாத்தவங்களா?" என்று கேட்டாள். ஆமாம், இருபத்தொரு வருஷம் என்றேன். "அப்ப அவரைக் கிட்டப் பாத்திருப்பீங்களே! எப்படி இருப்பார்?" என்றாள். எனக்குள் இருந்த விஷமம் விழித்துக்கொண்டது. இடி இடித்தால் கொசுவலைக்குள் புகுந்துகொள்வார் என்றேன். கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒளித்துவைப்பார், குறட்டை விட்டால் பூனை வெளியே ஓடும், மகள் நடை பழகுகிறாள் என்று வீட்டிலேயே முழங்காலில் தவழ்ந்து பிரபு கூப்பிட்ட நேரத்துக்குப் போகாமல் திட்டு வாங்கினார் என்றேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் நாலு பேர். "அய்யோ, எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கல்லுக்கு முன்னால் ஆள் இல்லை, அத்தனை பேரும் என்னைச் சுற்றி. தொதோகி எட்டி எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாள் ஆகிறது.

அப்போதுதான் அந்தப் பெண், "போருக்குப் போன அன்னிக்குக் காலைல என்ன நடந்துச்சு? அதையும் சொல்லுங்க" என்றாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது ஒசென். நிமிர்ந்து பார்த்தால் தூணுக்குப் பக்கத்தில் உன் அண்ணன் நிற்கிறான். தடுக்கவில்லை, தலையாட்டவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றான், சின்ன வயதில் நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்திருக்கும்போது என் முகத்தைப் பார்ப்பானே அதே மாதிரி. நான் சொன்னேன், "அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்? அவரை அனுப்பி வெச்சது ஒஸாயே அம்மாதான்." நெருப்பை விழுங்கின மாதிரி இருந்தது. பெண்கள் ஆகா என்று எழுந்து திரும்பவும் அவள் கல்லுக்கே கும்பிடப் போனார்கள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணன் வந்து, எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தான். "படி ஈரமா இருக்கும்மா, ஏறிக்குங்க" என்றான். ஊர் பார்க்கிறது, அதிகாரி பார்க்கிறார், இடுப்பில் வாளோடு இருக்கிறவன் இப்படிச் செய்யலாமா என்று திட்டினேன். "பேசாம ஏறும்மா" என்றான். ஏறிக்கொண்டேன். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவ்வளவு படியும் இறங்கினேன். ஒஸாயே அங்கே கல்லாக நின்று பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.

அந்தப் பாட்டு ஒருநாள் ஷிகோகுவுக்கும் வந்து சேரும். வந்தால் எல்லாரோடும் சேர்ந்து நீயும் அழு, யாரிடமும் எதையும் திருத்தாதே, மாப்பிள்ளையிடம் மட்டும் வேண்டுமானால் சொல். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உனக்கு நரைக்க நரைக்க ஆயுசு கிடைக்கட்டும். வியாபாரியிடம் உலர்ந்த காளானும் வயிற்றுப் பொடியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், பொடியை வெந்நீரில்தான் கலக்க வேண்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
முரோய் வீட்டில் உன்னையும் உன் அண்ணனையும் வளர்த்த அம்மா,
ஒகிவா