கேமராவில் பழுது இல்லை

அன்பு மகள் சிட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, பள்ளி வேன் எல்லோரும் நலம், வேனுக்கு மட்டும் லேசான இருமல். அங்கே நீயும், பாறையில் இடித்துக்கொண்ட உன் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். மலையில் ரோடு அளக்கப் போன பிள்ளை ஆசையாக ஒரு கேமரா கேட்டு எழுதினாள், அப்பா மறந்தே போனார் என்று நினைத்திருப்பாய். மறக்கவில்லை, இந்தக் கடிதத்தோடு பெட்டியில் வருகிறது. தாமதத்துக்குக் காரணம் நான்தான். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா போனைப் பிடுங்கி அவள் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடிதான் தேடினேன். குளிரில் பேட்டரி செத்துப்போகிறது, அதனால் பேட்டரியே கேட்காத பழைய ஃபிலிம் கேமரா, பையில் உருண்டாலும் தாங்குகிற உலோக உடம்பு, பெரிய பெயருக்காகக் காசைக் கொட்டக் கூடாது, ரேஞ்ச்ஃபைண்டர் வகையாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்பவர் ஒருவர் இருக்கிறார், சிரிப்பதற்கும் கூலி கேட்பார் போல ஒரு முகம். அவர்தான் விளக்கினார். கண்ணை வைத்துப் பார்க்கிற ஜன்னலின் நடுவே மஞ்சளாக ஒரு கட்டம் இருக்கும், அதற்குள் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார், லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும், அப்போது தட்டினால் படம் துல்லியம். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கவும், ஷட்டர் திக்காமல் மூடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கவும் சொல்லிக்கொடுத்தார். எஞ்சின் சத்தம் கேட்டே பிழைப்பவன் நான், காது வேலை சுலபமாக இருந்தது. கண் வேலைதான் வரவில்லை. முதல் கேமராவில் இரண்டு உருவமும் ஒட்டவில்லை, பழுது என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததிலும் ஒட்டவில்லை. மறு வாரம் போய்ப் பார்த்ததிலும் அப்படியே, ஓரத்தில் புகை மாதிரி மூன்றாவதாக ஓர் ஆள் வேறு. என்னங்க, எல்லாமே ஓட்டைக் கேமராவா வச்சிருக்கீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார், சண்டைக்குத் தயாராகிறவர் வைக்கிற மாதிரி.

நல்ல வேளை, பக்கத்துக் கடையில் தையல் நூல் வாங்க உன் அம்மாவும் வந்திருந்தாள். குடுங்க பாக்கலாம் என்று வாங்கி, கடைக்காரர் முகத்துக்கு நேரே பிடித்து, வளையத்தை ஒரு திருப்புத் திருப்பி, நல்லாத்தானே ஒட்டுது, இவர் மூக்கு மேல இருக்கிற மச்சம்கூடத் தெரியுது என்றாள். கடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. என் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அவர் சட்டையில எத்தனை பொத்தான், சொல்லுங்க என்றாள். எனக்குச் சட்டையே கலங்கித் தெரிந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண்ணே எல்லா வேலையையும் பார்த்துச் சமாளித்திருக்கிறது. கேமராவில் வலது கண் ஒன்றுதானே, குட்டு வெளிப்பட்டுவிட்டது. பேப்பரில் மை சரியில்லை என்று பேப்பர்காரரைத் திட்டியது, எதிர் வண்டி விளக்கு பரவித் தெரிகிறது என்று வேனின் முன்கண்ணாடியை மாற்றியது எல்லாம் ஞாபகம் வந்தது. சிட்டு, அன்று காலைகூட வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றிப் போயிருந்தேன். சாவியை அங்கேயே அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு வந்தோம். இனி வேன் ஓட்டவே முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். வேலை போய் வீட்டில் உட்கார்ந்தால் உன் அம்மா தைக்கும்போது பக்கத்தில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருப்பேன், பிறகு என் கதி என்ன என்று உனக்கே தெரியும்.

கண்ணில் புரை, எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கலாம், ஓட்டலாமா வேண்டாமா என்பதைப் பிறகு சோதித்துத்தான் சொல்வேன் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்து நான் வீட்டில் கிடந்த நாட்களில் உன் மாமாதான் வேன் ஓட்டினார். அவர் தினமும் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார் என்று பிள்ளைகள் என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். போன வாரம் டாக்டர் சோதித்துவிட்டு ஓட்டலாம், இருட்டின பிறகு மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நேராகக் கேமரா கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, நான் பழுது என்று ஒதுக்கியதில் ஒன்றையே வாங்கினேன். ஒரு மூலை நசுங்கியிருக்கும், பயப்படாதே. மாடிப்படியில் உருண்டும் ஒன்றும் ஆகாத கேமரா அது, அந்த நசுங்கலால்தான் விலையும் நமக்கு எட்டியது.

சோதனைக்கு ஒரு ஃபிலிம் போட்டேன். உன் அம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கட்டத்துக்குள் இரண்டு அம்மா தெரிந்தார்கள், வளையத்தைத் திருப்பினேன், இரண்டு பேரும் நகர்ந்து வந்து ஒருத்தியானார்கள். காதோரம் நரை, அது எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. பல்லில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள், என்னைத்தான் திட்டியிருப்பாள். ஃபிலிம் முழுவதும் அவளையே எடுத்தேன். கழுவக் கொடுத்தால், கடைக்காரர் சுருளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், ஒரு படம்கூட விழவில்லை. இந்த வகையில் பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு, லென்ஸ் மூடியைக் கழற்றாவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியுமாம். இந்தத் தடவையும் கேமராவுல பழுது இல்லீங்க என்றார். வீட்டில் அம்மா எங்கே படம் என்று கேட்டாள். படம் விழல, ஆனா நான் பாத்துட்டேன் என்றேன். வயசான காலத்துல பேச்சப் பாரு என்று உள்ளே போய்விட்டாள், ஆனால் அன்றிலிருந்து என் டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது.

நீ கேமரா கேட்டிராவிட்டால் அந்தக் கண்ணோடுதான் இன்னும் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருப்பேன், அதை நினைக்காத நாள் இல்லை. நன்றாக இரு, நீ அளந்து போடுகிற ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு சேரட்டும். முழங்காலுக்கு மருந்து போடு. படம் எடுக்கும்முன் மூடியைக் கழற்று. மலையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முதல் படமாக யாரையாவது விட்டு உன் முகத்தை எடுத்து அனுப்பு. அப்பாவுக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

என்றும் உன் நினைவோடு,
வேன்கார அப்பா