விரலை மடக்கிக்கொண்ட வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நானும் உன் தங்கையும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். வழுக்கி விழுந்ததில் வலக்கைக்குப் போட்ட மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள், நடுவில் அவளுடைய புத்தக வார்த்தைகள் நுழைந்தால் பொறுத்துக்கொள்.

மருந்துக் கடையை மூடியபோது முதலாளி என் இருபத்திரண்டு வருட வேலைக்குக் கொடுத்த தொகையை என்ன செய்தேன் என்று கேட்டிருந்தாய். முதலில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் நிதி ஆலோசகர் அம்மாவிடம்தான் போனேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் அரசுப் பதிவுச் சான்றிதழ், அதன் கீழே அவருடைய கட்டணம் எழுதிய அட்டை. எந்தக் கம்பெனியிலும் கமிஷன் வாங்க மாட்டேன், உங்ககிட்ட மட்டும்தான் வாங்குவேன் என்றார். வாயால் யோசனை சொல்ல இவ்வளவா என்று மலைத்துப்போய் இறங்கி வந்துவிட்டேன். மறுவாரமே அப்பாவோடு வேலை பார்த்த பாலிசி மாமா வந்தார். எனக்கு ஒரு காசும் வேண்டாங்க்கா, நீங்க நல்லா இருந்தா போதும் என்று உருகினார், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பதினைந்து வருட இன்சூரன்ஸ் திட்டமாம், மொத்தப் பணமும் அதிலேயாம். வெள்ளிக்கிழமை படிவங்களோடு வந்தவர் என் கட்டைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வரலன்னா என்னக்கா, இடது பெருவிரல் இருக்கே என்று மைப்பெட்டியைத் திறந்தார். சின்னவள் அவர் பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா, உங்க பை, பேனா, ஃபைல், எங்களுக்குக் குடுத்த காலண்டர் எல்லாத்துலயும் ஒரே கம்பெனி பேரா இருக்கே என்றாள். சரியான வாயாடி என்று அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கம்பெனி டாக்டருக்கு மேசைக் கடிகாரம் கொடுத்ததோ அந்தக் கம்பெனி டானிக்தான் அவர் எழுதும் மருந்துச் சீட்டில் இருக்கும், கடைக் கவுண்டரில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வோம். அத்தனை வருடம் அதைப் பார்த்தவள் இதைக் கோட்டை விட்டேனே. நான் இதுல சேர்ந்தா உங்களுக்கு என்ன கிடைக்கும் தம்பி என்றேன். அதெல்லாம் எதுக்குக்கா, டீ ஆறுது பாருங்க என்றார். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறுபடி மாடியேறினேன், சின்னவள் அந்தப் பதிவு எண்ணை அரசின் பட்டியலில் சரிபார்த்த பிறகுதான். மாமாவிடம் கேட்டதையே இந்த அம்மாவிடமும் கேட்டேன். நான் எதை வாங்கச் சொன்னாலும் அதுல எனக்குப் பங்கில்லை என்று தாளில் எழுதியே கொடுத்தார். பிறகு ஒரு மணி நேரம் அவர்தான் கேட்டார், நான் சொன்னேன். நம் வீட்டு மாடியிலிருந்து வரும் வாடகை, அப்பாவின் ஓய்வூதியம், மாதாமாதம் நீ அனுப்பும் பணம். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, உங்க பெரிய பொண்ணு எதை விட்டுட்டு அனுப்புறாங்க என்றார். எனக்குப் பதில் தெரியவில்லையடி. பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. அக்கா ரெண்டாவது வேலை பார்க்கறாம்மா, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல, உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா என்று அங்கேயே அழுதாள். அவளைத் திட்டாதே. (திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன் அக்கா.)

ஆலோசகர் புதிதாக எதையும் என் தலையில் கட்டவில்லை. ஒரு வருடச் செலவுக்கு உடனே எடுக்கும்படி வங்கியில் கொஞ்சம், சின்னவள் படிப்புக்குத் தனியாகக் கொஞ்சம், மீதி வட்டி வரும்படி வைப்புத்தொகையாக. வாடகையும் ஓய்வூதியமும் சேர்ந்தால் எங்கள் இருவருக்கும் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஆகையால் அடுத்த மாதம் முதல் நீ எதுவும் அனுப்பாதே. மீறி அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், அந்தச் செலவும் உன் தலையில்தான். ஞாயிற்றுக்கிழமை தூங்கு மகளே.

உடம்பிலும் மனதிலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். உன் பதிலின் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டாம், அந்த இரண்டாவது வேலையை விட்ட தேதியை எழுது. கீழே கோணலாக இருக்கும் கையெழுத்தை மட்டும் நானே போட்டேன், அந்தப் படிவத்துக்குத் தராத இடக்கையால்.

அம்மா