இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரு முள்

மார்ச் 5

அன்பிற்கும் உரிமைக்கும் உரிய தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் நலமாக இருக்கிறோம். உன் நலத்தை உன் மனைவி வாயிலாக அறிந்தேன். உன் வாயிலாக அறிய முடியாமற்போனது வருத்தமே. இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்கிறாய். தொலைபேசியில் என்னிடமோ மழையைப் பற்றியும், உன்னிடம் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் எந்தச் சுவரில் மோதினார்கள் என்பதைப் பற்றியும் மட்டுமே பேசுகிறாய். அதனாலேயே இக்கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே புகுந்து பேச்சை மாற்ற இயலாது.

செய்தி இதுதான். உனக்குத் தெரிவிக்காமல் சென்ற வாரம் உன் மருத்துவமனைக்கு வந்து பரிசோதனைகள் செய்துகொண்டேன். என் இரத்தம் உனக்குப் பொருந்துகிறது. என் சிறுநீரகங்கள் இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஒன்றை உனக்குத் தரலாம். தடையாக நிற்பது என் எடை. தொண்ணூற்று நான்கு கிலோ எண்ணூறு கிராம். அது எண்பத்து நான்குக்கு இறங்கினால்தான் அறுவை செய்வார்களாம். ஆகஸ்டு இறுதியில் மருத்துவக் குழு கூடி முடிவு செய்யும். அங்கிருந்த பெண் மருத்துவருக்கு வயது குறைவு, வாய் கெட்டி. "அம்மா, எடை உங்க வேலை. சம்மதக் கையெழுத்து உங்க தம்பி வேலை. ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் நான் கத்தியத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

இருபத்தாறு ஆண்டுகளாகச் சரக்குக் கிடங்கில் எடை எழுத்தராக இருந்து ஊரார் மூட்டைகளையெல்லாம் நிறுத்தவள், என் மூட்டையை இப்போதுதான் நிறுக்கத் தொடங்கியிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் கிடங்கு திறக்குமுன் பெரிய தராசின் மேடையில் ஏறி நிற்கிறேன். ஏறினால் முள் என் கண்ணுக்குத் தெரியாது, அதன் முகம் மேசைப் பக்கம் திரும்பியிருக்கும். ஆகவே மேசையருகே நின்று எடையைப் படித்துச் சொல்பவர் எங்கள் சுமைதூக்கி. கதவு அகலம் இருப்பதால் அவருக்கு ஒல்லி என்று பெயர். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சம்மதப் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். கையொப்பமிட்டு விரைவில் அனுப்புக.

இங்ஙனம்,
உன் நலம் நாடும்
அக்கா

*

மார்ச் 16

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். "அனுப்புக" என்ற இடம் வந்தபோதுதான் நம் அக்காதான் என்று நிம்மதி. பள்ளிக்கூடம் போகாமலே இவ்வளவு தமிழ் படித்தாயே, போயிருந்தால் எங்கள் கதி என்ன?

படிவம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். நான் உன்னிடம் கேட்டேனா அக்கா? ஐம்பத்தொரு வயதில் உன்னைப் படுக்கவைத்து வயிற்றைக் கிழித்து, நாளைக்கு உனக்கு ஏதாவது ஒன்று என்றால் அத்தான் முகத்தில் எப்படி முழிப்பேன்?

எனக்கு இந்த இயந்திரம் பழகிவிட்டது. மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறேன். போன வாரம் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் கார் பழக வந்தார். நேராகப் போய்க் குப்பைத்தொட்டியை இடித்துத் தள்ளிவிட்டு, "சார், இதுல பிரேக் எதுன்னு சொல்லவே இல்லையே?" என்கிறார். முக்கால் மணி நேரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ வயிறாரச் சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

உன் தம்பி

*

ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

உன் மறுப்பைப் படித்தேன். அதை நான் ஏற்கவில்லை என்பதை முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். நீ கேட்கவில்லை என்பது உண்மைதான். நானும் உன் அனுமதி கேட்டு இதைத் தொடங்கவில்லை.

என் முயற்சியின் நிலையை மறைக்காமல் எழுதுகிறேன். காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்பாகவே இறங்கிக்கொள்கிறேன். தேநீரில் சர்க்கரை இல்லை. இரவில் வேகவைத்த காய்களும் ஒரு துண்டு ரொட்டியும் மட்டுமே. மேசை இழுப்பறையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை ஒல்லியிடம் ஒப்படைத்துவிட்டேன். அவர் அதைப் பத்திரப்படுத்திய இடம் அவர் வயிறு.

பலன்? ஏழு திங்கட்கிழமைகள் ஆகிவிட்டன. ஏழு முறையும் ஒல்லி சொன்னது ஒரே எண்: தொண்ணூற்றைந்து. எனக்குத் துணையாக நடக்கிறேன் என்று கிளம்பிய உன் அத்தான், பாதி வழியில் நின்று யாருடனாவது பேசிக்கொண்டிருக்கிறார். அவருடைய கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "என்ன இது, நீ நடக்க நடக்க நான் எளைக்கிறேன்?" என்று கேட்டார். அன்று முழுவதும் நான் அவரிடம் பேசவில்லை.

உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சென்ற திங்களன்று எடை போட்டு இறங்கியதும், கிடங்கின் பின்புறம் சாக்குகள் அடுக்கிய இடத்துக்குப் போய் அழுதேன். உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லையே என்பதற்காக அல்ல. உனக்கு ஒன்று தருகிறேன் என்று பெரிய வார்த்தை சொல்லிவிட்டேனே, என் சதையே குறுக்கே உட்கார்ந்திருக்கிறதே என்று வெட்கம். மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி நடக்கப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் அந்த நாற்பது நிமிடமும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்க நேரும்.

இங்ஙனம்,
தோற்றுக்கொண்டிருந்தாலும் விடாத உன் அக்கா

*

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

போதும் அக்கா. விட்டுவிடு. உடம்பே வேண்டாம் என்கிறது. அதன் பேச்சையாவது கேள். உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ முயற்சி செய்தாயே, அதுவே எனக்கு நிறைந்துவிட்டது. இன்றைக்கே சர்க்கரை போட்டுத் தேநீர் குடி.

கை கொஞ்சம் நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. ஊசி குத்திய கை, வேறொன்றும் இல்லை.

தம்பி

(அண்ணி, உங்கள் தம்பி உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். இந்த மாதம் இரண்டு முறை இயந்திரத்தில் இருக்கும்போதே நினைவு தப்பிவிட்டது. வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது. உங்களிடம் சொல்லக்கூடாதாம். அவர் நிறுத்தச் சொன்னாலும் நீங்கள் நிறுத்திவிடாதீர்கள், அண்ணி.)

*

மே 8

அன்புத் தம்பிக்கு,

உன் உடல்நிலை முழுவதையும் நான் அறிவேன். எவ்வாறு அறிந்தேன் என்று யாரையும் கேட்டுத் துன்புறுத்த வேண்டாம்.

இனி நடந்ததைக் கேள். திங்கட்கிழமை மேடையில் ஏறினேன். ஒல்லி வழக்கம்போலப் பெருமூச்சு விட்டார்.

"மறுபடியும் தொண்ணூத்தஞ்சுதாம்மா. முள்ளும் பாவம், எறங்கி எறங்கிப் பாக்குது."

"என்ன சொன்னீர்?"

"முள்ளும்மா. கீழ்க்கோட்டுப் பக்கமா வந்துக்கிட்டே இருக்கு. நாலஞ்சு வாரமா."

"பிறகு ஏனய்யா தொண்ணூற்றைந்து என்கிறீர்?"

"நீங்கதானம்மா சொல்லிக் குடுத்தீங்க! ரெண்டு கோட்டுக்கு நடுவுல முள்ளு நின்னா மேல்கோட்டத்தான் சொல்லணும், அதான் கிடங்கு விதி, யாருக்காகவும் மாத்தக் கூடாதுன்னு. ஒரு தடவ நான் கொறைச்சுச் சொன்னதுக்கு ஒரு வாரம் என்கூடப் பேசாம இருந்தீங்களே."

"அது மூட்டைக்கு!"

"யாருக்காகவும்னா அதுல நீங்களும் சேத்திதானேன்னு நெனச்சேன். அதுவுமில்லாம, உங்ககிட்ட யாரு எதிர்த்துப் பேசுறது?"

எங்கள் தராசில் கோடுகள் ஐந்து கிலோவுக்கு ஒன்று. வண்டியில் சுமை மிகுந்துவிடக் கூடாது என்பதற்காக, இடையில் நிற்கும் முள்ளுக்கு மேல்கோட்டையே எழுத வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் நான். தொண்ணூறுக்கு மேல் ஒரு பிடி இருந்தாலும் அது தொண்ணூற்றைந்துதான். எட்டொன்பது வாரமாக என்னை ஒரு சிமெண்ட் மூட்டையாகவே நிறுத்து வந்திருக்கிறேன், தம்பி. நேராக மருந்துக்கடைக்குப் போய் அங்கிருந்த சிறிய கருவியில் ஏறினேன். தொண்ணூற்றொரு கிலோ இருநூறு கிராம்! கடைக்காரர் பயந்துவிட்டார். எடை பார்த்துவிட்டு அப்படிச் சிரித்தவரை அவர் கண்டதில்லையாம்.

திரும்பி வந்து ஒல்லிக்கு நன்றி சொன்னேன். திட்டுவேன் என்று எதிர்பார்த்து மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். எனக்காக ஒரு கோடுகூட வளையாத மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பது எத்தனை பெரிய பேறு!

உடம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆகவே படிவத்தில் கையொப்பமிடுக.

இங்ஙனம்,
மூன்றரைக் கிலோ குறைந்த அக்கா

*

ஜூலை 10

அன்புத் தம்பிக்கு,

என் சென்ற கடிதத்துக்கு இரண்டு மாதங்களாக மறுமொழி இல்லை. உன் மனைவி தொலைபேசியில் "படிச்சாரு அண்ணி, மடிச்சு வெச்சிட்டாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். வற்புறுத்தி எழுதக் கூடாது என்று உறுதி பூண்டு இதை எழுதுகிறேன்.

என் எடை இப்போது எண்பத்தாறரை. மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. இம்முறை கோட்டின் குற்றம் இல்லை, உண்மையாகவே நிற்கிறது. ஆயினும் நான் சாக்குகளுக்குப் பின்னால் போகவில்லை.

நீ அறிய வேண்டிய சில உண்டு. கிடங்கின் மாடி அலுவலகத்துக்கு நாற்பத்திரண்டு படிகள். முன்பெல்லாம் பதினெட்டாம் படியில் நின்று, கைப்பையில் எதையோ தேடுவதுபோல நடிப்பேன், மூச்சு வாங்குவதை யாரும் காணக் கூடாது என்று. சென்ற வாரம் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான், எங்கும் நிற்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். உன் அத்தான் இப்போதெல்லாம் பாதி வழியில் நிற்பதில்லை. திருமணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு பேசியது கிடையாது. நேற்று அவர், "நீ இவ்வளவு நல்லாப் பேசுவேன்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். யார் சொல்வார்கள்? நான் எப்போதும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்கும் அப்படித்தான் எழுதினேன். கையொப்பமிடுக, அனுப்புக என்று. தருவது நான் என்பதால், வாங்கிக்கொள்வது உன் கடமை என்று கருதிவிட்டேன். தருகிறவளுக்கு இருக்கும் பெருமையில் பாதிகூட, படுக்கையில் இருந்து வாங்கிக்கொள்கிறவனுக்கு இராது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பொறுத்துக்கொள்.

ஆகஸ்டு இறுதியில் நீ குழுவின் முன் வந்தாலும், வராவிட்டாலும் நான் நடப்பேன். இது உனக்காகத் தொடங்கியது. ஆனால் எனக்குக் கிடைத்தவற்றை உன்னிடமிருந்து மறைத்தால் அது நன்றிகேடு. உன் நோயின் பொருட்டு எனக்கு நல்லது நடந்தது என்று எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் அதுதான் உண்மை. நீ எனக்கு ஒன்றும் திருப்பித் தர வேண்டியதில்லை, தம்பி. வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. உயிரோடு இருக்கும்வரை மழையைப் பற்றியாவது பேசு.

என்றும் அன்புடன்,
அக்கா

*

ஜூலை 29

அக்கா,

நாலு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து வரிதான் முடிகிறது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எடை குறையவில்லை என்று நீ அழுததாக எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்பாடா, அக்காவால் முடியாது, இனி நான் ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம் என்று. அதற்குப் பிறகு தொண்ணூற்றொன்று என்று எழுதினாய். எனக்குக் கோபம் வந்தது. என் அக்கா ஜெயித்ததற்கு எனக்குக் கோபம்! அந்த வெட்கத்தில்தான் இரண்டு மாதம் எழுதவில்லை.

எங்கள் பயிற்சிக் காரில் என் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் அடுத்தவர் கையில் இருந்தாலும் நிறுத்துவது என் கால்தான். பதினெட்டு வருஷம் அப்படியே உட்கார்ந்து பழகிவிட்டேன். அடுத்தவர் ஓட்ட, நான் சும்மா உட்கார்ந்து போக எனக்குத் தெரியாது அக்கா. நீ ஓட்ட ஆரம்பித்ததும் மிதித்துக்கொண்டே இருந்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அது முழுக் காரணமும் இல்லை.

நீ வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தது. காலையில் எழுந்து ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அளக்காமல். என் வீட்டுக்காரி ஒரு தடவையாவது என் மூச்சைக் கவனிக்காமல் தூங்க வேண்டும். எனக்கு இன்னும் வாழ வேண்டும் அக்கா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீயாகத் தருவதாகச் சொன்னாய். நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன். உன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தருவாயா?

படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்து கோணல். ஆனால் என்னுடையதுதான்.

உன் தம்பி

*

ஆகஸ்டு 3

தம்பி,

தருகிறேன்.

இன்று எண்பத்தைந்து கிலோ நூறு கிராம். மீதியை நடந்து தீர்த்துவிட்டு வருகிறேன்.

கேட்டதற்கு நன்றி.

அக்கா