உயர்திரு பச்சமுத்து அவர்களுக்கு

விழுப்புரம்
12.6.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

எங்கள் விதைக் கம்பெனி முந்நூறு மல்லாட்டைக் கடலை விவசாயிகளைக் கூட்டத்துக்கு அழைக்கிறது. நானாக இருந்தால் முந்நூறு கடிதம் அடித்திருப்பேன். எங்கள் ஆபீஸ் இசைவாணி அக்கா ஒரே கடிதம் அடித்து, கம்ப்யூட்டரில் பெயர்ப்பட்டியலை அதோடு சேர்த்தார். தாளுக்கு ஒரு பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. மலைத்துப்போனேன்.

சோதனைக்காகப் போட்ட உங்கள் பெயரை எடுக்க மறந்துவிட்டேன். கடிதம் தபாலில் வரும், பயப்படாதீர்கள்.

"எங்களுக்கு நிலமே இல்லியேக்கா" என்றேன்.

"மத்தவங்க நெலத்துல மல்லாட்டை வெதைச்சிக்கினு இருக்கறது அவருதானே? வரட்டும்" என்றார்.

கூட்டம் 20ஆம் தேதி ஞாயிறு காலை, திண்டிவனம். என் பழைய போர்வையைக் கொண்டுவாருங்கள், ஹாஸ்டலில் தூக்கம் பிடிக்கவில்லை. வாசலில் பெயர் கேட்பது நான்தான். உங்களையும் கேட்பேன். சத்தமாகச் சொல்லுங்கள்.

அவசரத்தில்,
தனம்