பன்றித்தொடையோடு ஓடுகிறவன்

மார்ச் 13, புதன்

பெட்டி கட்டியாயிற்று. பாஸ்குவாலின் மாத்திரைகளை மேலாக வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் பேருந்தில் எல்லார் முன்னாலும் என் உள்பாவாடைகளை வெளியே இழுத்துப் போட்டுத் தேடுவார்.

கல்யாணமாகி நாற்பது வருஷம். அதற்காக மகள் ரகேல் எங்களுக்கு ஓட்டல் எடுத்துத் தந்திருக்கிறாள். "பாரிஸுக்குப் போங்கம்மா" என்றாள் முதலில். நான்தான் வலென்சியா என்றேன். உடனே கேட்டாள், "அப்பா ஒத்துக்குவாரா?"

அப்பா ஒத்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மனசு மாறிவிடும் மனுஷன்.

எங்கள் ஊர் தெருவேலிலிருந்து அங்கே பேருந்தில் இரண்டு மணி நேரம்தான். எலோய் வலென்சியாவில் வருஷக்கணக்காக இருந்தான், என் பிள்ளை. நாங்கள் போனது ஒரே தடவை, பிணவறைக்கு, கையெழுத்துப் போட. அதை ஊர் பார்த்த கணக்கில் சேர்க்க முடியாது.

மார்ச் 14, வியாழன்

வந்து சேர்ந்தோம். அறை சின்னது, சன்னல் முழுக்க எதிர்வீட்டுத் துணி. ஊரே வெடிமருந்து நாற்றம். காலடியில் பட்டாசைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், யாரும் திட்டுவதுகூட இல்லை. ஃபாயாஸ் திருவிழா வாரம். தெருவுக்குத் தெரு பொம்மைக் கோபுரம் கட்டி நிறுத்தி, பத்தொன்பதாம் தேதி எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். இவர்களுக்குக் கிறுக்கு என்று எங்கள் ஊரில் சொல்வது பொய்யில்லை.

சாயந்தரம் ஆற்றங்கரைக்குப் போனோம். ஆறு இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து அதை எப்போதோ ஊருக்கு வெளியே திருப்பிவிட்டு, பழைய தடத்தில் ஆரஞ்சு மரம் வைத்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற அதே தூரியா ஆறுதான். பாஸ்குவால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்லேர்ந்து கிளம்பி இங்க வந்து என்ன ஆச்சு பாத்தியா பெனீத்தா" என்றார்.

இந்த ஊரில் எல்லா முதுகும் எலோயின் முதுகாக இருக்கிறது. ஒரு தோளில் பை மாட்டியவன். சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவன். திரும்பினால் வேறு எவனோ. திரும்பும்வரைக்கும் என் மகன்.

கடைசியாக அவன் வீட்டுக்கு வந்த கிறிஸ்துமஸ் நினைவு வந்துவிட்டது. அவன் கதவைத் திறந்ததும் பாஸ்குவால் எழுந்து, பன்றித்தொடைகளை உப்பிட்டு உலர்த்தும் கொட்டகைக்குப் போய்விட்டார். சாப்பாடும் அங்கேதான். கொட்டகை வேண்டாம் என்று பிள்ளை இந்த ஊருக்குக் கிளம்பிய நாளிலிருந்து அவர் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் அவன் தலையைக் கோதினேன். காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். "என்னடா, வெள்ளையடிக்கிற வேலைக்குப் போறியா?" "அப்படித்தான்னு வெச்சுக்கோயேம்மா" என்று சிரித்தான்.

அடுத்த மே மாதம் மழையில் அவன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. வீட்டுக்கு மூடின பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 15, வெள்ளி

காலையில் மத்திய சந்தை. பாஸ்குவால் ஒவ்வொரு பன்றித்தொடைக் கடையிலும் நின்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "இதுக்கா இந்த விலை? எங்க ஊர்ல இதை நாய்க்குப் போடுவோம்." கடைக்காரி சளைக்கவில்லை. "அப்ப உங்க நாய்க்கு வாங்கிட்டுப் போங்க பெரியவரே, பாவம், அது பழகியிருக்கும்." நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று சிரித்து. மதியம் ஒர்ச்சாத்தா குடித்தோம், கோரைக்கிழங்கை அரைத்துப் பிழிந்த பால். "பாலுக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கு" என்றார், ஆனால் டம்ளரில் மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் ருசாஃபா என்ற பேட்டைப் பக்கம் நடந்தோம். எல்லா மூலையிலும் பொம்மைகளை நிறுத்தி முடித்திருந்தார்கள். ஒரு சின்னத் தெருவில், பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கென்று செய்த குட்டி ஃபாயா. ஒரு சமையல்காரி கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறாள், ஒரு நாய் துரத்துகிறது. முன்னால் ஒருவன் பன்றித்தொடையை அணைத்துக்கொண்டு ஓடுகிறான்.

நான் நின்றுவிட்டேன்.

கொட்டகைப் படியில் விழுந்து வெட்டுப்பட்ட புருவம். அதே இடத்தில். சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கமாக இறங்குகிற கீழுதடு. என் அப்பாவின் மூக்கு. கண் மட்டும் வேறு யாருடையதோ, யாரோ வரைந்து வைத்த கண். முகம் முழுக்க அவன், கண்ணில் மட்டும் அவன் இல்லை.

"எலோய்" என்றேன்.

பாஸ்குவால் ஒரு பார்வைதான் பார்த்தார். "இல்லவே இல்லை. காகிதக்கூழைப் பார்த்து உளறாதே. வா, பசிக்குது."

மார்ச் 16, சனி

அவன்தான். நான் பெத்த முகம் எனக்குத் தெரியாதா?

மார்ச் 17, ஞாயிறு

தினமும் காலையில் பேப்பர் வாங்கப் போகிறார். பேப்பர் கடை ஓட்டல் வாசலிலேயே இருக்கிறது. திரும்ப ஒரு யுகம் ஆகிறது. இன்றைக்கு அவருக்குக் காத்திராமல் நான் தனியாக ருசாஃபாவுக்குப் போனேன்.

அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில், பேப்பர் அக்குளில். பொம்மைக்கு முன்னால், கோயிலில் நிற்கிற மாதிரி. பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"தொடையைத் தப்பாப் பிடிச்சிருக்கான்" என்றார். "குளம்பு மேல இருக்கணும். பத்து வயசுலயே சொல்லிக் குடுத்தேன்."

"இல்லவே இல்லைன்னீங்களே."

"எப்படி வளர்ந்துட்டான் பாரு" என்றார். மகன் முகத்தை அவர் கடைசியாகப் பார்த்து எத்தனை வருஷம்! வீட்டுக்கு வந்தபோது பார்க்கவில்லை. பெட்டியில் வந்தபோது பார்க்க விடவில்லை. திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கையைப் பிடித்தேன்.

இரண்டு மணிக்கு நகரசபை சதுக்கத்தில் வெடி. வெறும் சத்தத்துக்காக வெடிக்கிற வெடி. தரை நடுங்குகிறது, நெஞ்சுக்குள் யாரோ உதைக்கிற மாதிரி இருக்கிறது. காது போகாமலிருக்க வாயைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். பாஸ்குவாலைப் பார்த்தேன். திறந்து வைக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார். சத்தம் நிற்கும்வரை அவர் உதடு ஓயவில்லை. ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்லை. வாயைத் திறந்து வைக்கணும்னாங்க இல்ல?"

மார்ச் 18, திங்கள்

பாஸ்குவாலோடு அந்தத் தெரு விழாக்குழுக் கூடாரத்துக்குப் போய்க் கேட்டேன், பொம்மை செய்தது யார் என்று. எம்பார் என்ற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும், நகமெல்லாம் சாயம். என்னைப் பார்த்தவுடனே அவள் முகம் மாறிவிட்டது. நான் பெயர் சொல்லவே இல்லை.

"அந்த மூக்கு" என்றாள். "நீங்க எலோயோட அம்மா."

எலோய் அவள் பட்டறையில் வேலை செய்திருக்கிறான். பொம்மைக்கு உடம்பு செய்து, மணல் காகிதம் தேய்த்து, சாயம் பூசி. எங்களிடம் கிடங்கு வேலை என்று சொல்லியிருந்தான். "பொம்மை செய்யறேன்னு தெரிஞ்சா அப்பா இன்னும் பத்து வருஷம் பேசமாட்டார்னு சொல்வான்" என்றாள். பாஸ்குவால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முகத்துக்கு ஆள் கிடைக்காத ஒரு வருஷம் அவனே உட்கார்ந்தானாம். எண்ணெய் தடவி, முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பார்கள். "காயற வரைக்கும் சிரிக்காதேன்னேன். அடக்கிட்டே உட்கார்ந்திருந்தான், அதான் உதடு அப்படி. காதுக்குப் பின்னால ஒட்டினது எத்தனை கழுவினாலும் போகலை. அப்படியே கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் பஸ் ஏறினான்."

நான் துடைத்தேனே. இந்தக் கையால்தானே துடைத்தேன்.

முதல் வருஷம் தான் எரிவதைத் தானே நின்று பார்த்திருக்கிறான். "ரொம்பப் பிடிச்சுப்போச்சு அவனுக்கு. வருஷா வருஷம் என்னை ஒரு மூலையில நிறுத்திடு எம்பார், எரிஞ்சு எரிஞ்சு வரேன்னான். அவன் போனப்புறமும் நிறுத்திக்கிட்டுதான் இருக்கேன். கேட்டுட்டானே." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் பச்சைச் சாயம்.

போன மார்ச்சிலும் எரிந்திருக்கிறான். நான் அப்போது வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன்? பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேனோ?

தலையை எனக்கு அறுத்துக் கொடு என்றேன். நாளைக்குக் கொளுத்துவதற்கு முன்னால். அவள் ஒரே சொல்லில் சரி என்றாள். ஃபாயாவிலிருந்து ஒன்றை எடுப்பது இங்கே சாமானியமில்லை என்று எனக்கும் தெரியும். ஊர் முழுக்க ஓட்டுப் போட்டு, அத்தனை பொம்மையில் ஒன்றிரண்டைத்தான் நெருப்பிலிருந்து காப்பாற்றுவார்கள். அதற்கென்று மியூசியமே இருக்கிறது. குழுவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள்.

பெட்டியில் இடம் பண்ணிவிட்டேன். செருப்பையெல்லாம் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 19, செவ்வாய்

இன்றைக்குப் புனித சூசையப்பர் திருநாள், தகப்பன்மாருக்கான நாள். ரகேல் போனில் வாழ்த்துச் சொன்னாள். பாஸ்குவால் "ம்" என்றார்.

குட்டி ஃபாயாவை எட்டு மணிக்கே கொளுத்துவார்கள். நாங்கள் முன்னாலேயே போனோம். பொம்மையைச் சுற்றி வெடிச்சரம் கட்டியாயிற்று. எம்பார் ரம்பத்தோடு வந்தாள். வேலியைத் தாண்டி உள்ளே போய், அவன் கழுத்தில் ரம்பத்தை வைத்தாள்.

"நிறுத்தும்மா" என்றார் பாஸ்குவால்.

நான் அவரைப் பார்த்தேன்.

"வேண்டாம் பெனீத்தா. அவன் கேட்டது இதைத்தான். கேட்டதை நான் ஒருநாளும் செய்யவிட்டதில்லை. இதையாவது செய்யவிடு."

எனக்கு வந்த ஆத்திரம்! தெரு என்று பார்க்காமல் கத்தினேன். "உயிரோட இருந்தப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு போனீங்க. இப்ப எனக்குன்னு ஒரு மூஞ்சி கிடைச்சிருக்கு, அதையும் கொளுத்தணுமா? என்ன மனுஷன்யா நீ?" நாற்பது வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எம்பார் ரம்பத்தைக் கீழே இறக்கினாள். யார் சொன்னதைக் கேட்பது என்று தெரியாமல் அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அறு என்று சொல்ல வரவில்லை. அவன் எப்படிக் கேட்டிருப்பான் என்று எனக்குக் கேட்டுவிட்டது, அந்தக் குரல். எரிஞ்சு எரிஞ்சு வரேன்.

குழு இந்த வருஷத்துக்குச் சின்ன ராணியாகத் தேர்ந்தெடுத்த சிறுமி, பட்டுப்பாவாடைக்காரி, திரியைப் பற்றவைத்தாள்.

முதலில் சமையல்காரி. அப்புறம் நாய். அவனிடம் நெருப்பு கடைசியாகத்தான் வந்தது. சாயம் கொப்புளித்து, அந்த வரைந்த கண் முதலில் போயிற்று. கண் போனதும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், முழுசாக அவன். தூங்குகிற எலோய். அப்புறம் விழுந்துவிட்டான்.

தீயணைப்புக்காரர்கள் எல்லார் மேலும் தண்ணீர் அடித்தார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். பாண்டுக்காரர்கள் வாசித்தார்கள். என் கோட்டின் மேல் சாம்பல்.

மார்ச் 20, புதன்

பேருந்தில் பேசவில்லை. பெட்டியில் அவனுக்காக ஒதுக்கிய இடம் காலியாக, மூடியை அமுக்கினால் உள்ளே போகிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

கோட்டைத் துவைக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் புகைவாசனை. இன்றைக்கு அதற்குள் முகத்தை வைத்து நின்றேன். பாஸ்குவால் பார்த்துவிட்டுப் போனார்.

மே 20, திங்கள்

அவன் போய் இரண்டு வருஷம். கல்லறைச் சுவரில் அவன் பெட்டியை வைத்து மூடிய மாடத்துக்குப் பூ வைத்தோம். அதற்குள் இருப்பது அவன் என்று எனக்கு இப்போது தோன்றுவதே இல்லை. ரொட்டிக்கு மாவு பிசைகிறேன், பின்னால் அவன் நிற்கிறான். பயமில்லை. திரும்பினால் போய்விடுவான் என்று திரும்பாமலே பிசைகிறேன்.

"உப்பு எடுங்க", "கதவைச் சாத்துங்க" — இதுதான் எங்கள் பேச்சு. மன்னிக்கவும் முடியவில்லை, அவர் செய்தது தப்பென்று சொல்லவும் முடியவில்லை. அவர் கொட்டகையிலேயே கிடக்கிறார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பல்வலி என்கிறார். வலென்சியாவில் நல்ல வைத்தியர் இருக்கிறாராம். தெருவேலில் பல்லே இல்லையா, வைத்தியரே இல்லையா என்று கேட்டேன். "இங்க இருக்கறவன் கொறடு வெச்சுப் பிடுங்கறான்" என்றார். எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

காலைப் பேருந்தில் போய்விட்டுச் சாயந்தரம் வந்தார். போகும்போது ஒரு முழுப் பன்றித்தொடையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், கொட்டகையிலேயே ஒசத்தியானது. பல் வைத்தியருக்கு அவ்வளவு பெரிய மரியாதையா என்று நினைத்தேன், கேட்கவில்லை.

வந்ததும் சூப் கேட்டார். கடினமான ரொட்டி மேலோட்டை அந்தப் பல்லால்தான் கடித்தார். முகம் என்றுமில்லாமல் சிவந்து, மினுமினுவென்று எண்ணெய் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"வலிச்சுதா?"

"இல்லை. அசையாம இருக்கணும்னாங்க. மூச்சு விட மூக்குல குழாய் வெச்சாங்க. உள்ள ஒரே இருட்டு" என்றார். பிறகு, ரொம்ப நேரம் கழித்து, "குளம்பு மேல இருக்கணும்னு அந்தப் பொண்ணுக்குக் காட்டிட்டு வந்தேன்" என்றார். "அவன் பக்கத்துல நிக்கற ஆளு சொல்லிக் குடுக்கற மாதிரி வெக்கிறாளாம்."

சூப்பை அடுப்பில் விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். நரைமுடியை விலக்கிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

துணியை நனைத்து எடுத்து வந்தேன். துடைக்க மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மார்ச்சுக்கு அதே ஓட்டலில் அறை போடச் சொல்லி ரகேலுக்கு நாளைக்குப் பேச வேண்டும்.