நடுவில் தொங்கிய வரிசை

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கோபம் இன்னும் தணியவில்லை. இருந்தாலும் அக்காவும் நீங்களும் நலமா என்று கேட்டுவைக்கிறேன்.

உங்களை விட்டு வந்த பிறகு, இங்கே ஒரு மேஸ்திரியிடம் டைல் ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சமையலறைச் சுவர் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் ஒட்டிய மூன்றாவது வரிசை நடுவில் தொங்குகிறது என்றீர்கள். ரசமட்டம் வைத்துக் காட்டினேன், குமிழி நடுவில் நின்றது. "மட்டம் பொய் சொல்லும், என் கண்ணு சொல்லாது" என்று அந்த வீட்டம்மா முன்னாலேயே மொத்தத்தையும் உடைக்க வைத்தீர்கள். இத்தனை வருஷம் கூடவே வேலை செய்தவனுக்கு அதுதான் மரியாதையா?

உங்கள்
மாப்பிள்ளை


மார்ச் 11

அன்பு மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு உன் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ போனதிலிருந்து அவளிடமிருந்து எனக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை.

தொங்கியது தொங்கியதுதான். உன் இடத்துக்கு வந்தவனும் அப்படித்தான் ஒட்டுகிறான். நம் வீட்டு வாசல் நிலைகூட உப்பியிருக்கிறது, ஜன்னல் கம்பி நெளிந்து கிடக்கிறது. இவ்வளவு நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ. ஒருத்தனுக்கும் வேலை சுத்தமில்லை. இடது கண்ணில் கொஞ்சம் புகை மூட்டம் மாதிரி இருக்கிறது. சிமெண்ட் தூசிதான், கழுவினால் சரியாகிவிடும்.

வீம்பை விட்டுவிட்டு வந்து சேர்.

மாமா


மார்ச் 17

மாமா,

அந்த ஜன்னலை வைத்தபோது நானும் கூட இருந்தேன். இரும்பு தானாக நெளியாது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அதைப் பாருங்கள். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள்.

உங்களுக்கு மூக்குக்குப் பக்கத்தில் புற்றுநோய்க் கட்டி வந்து, கதிர்வீச்சு கொடுத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வருஷா வருஷம் கண்ணைக் காட்டச் சொன்னார்கள். "கட்டியே போயிடுச்சு, கண்ணை எதுக்குக் காட்டணும்?" என்று நீங்கள்தான் தட்டிக்கழித்தீர்கள். எனக்கு இப்போது கோபமில்லை, பயமாக இருக்கிறது. நாளைக்கே அக்காவைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 26

மாப்பிள்ளை,

போய் வந்தோம். வலது கண்ணுக்குக் கம்பி நேராக இருக்கிறது. இடதுக்குத்தான் நெளிகிறது.

கதிர்வீச்சு கட்டியோடு நிற்காமல், விழித்திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் கெடுத்திருக்கிறது. வருஷங்கள் கழித்துத்தான் அது தலைகாட்டுமாம். குழாய் கசிந்து, பார்வையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது. சுவருக்குள் குழாய் கசிந்தால் டைல் உப்பிக்கொண்டு வருமே, அதேதான். "அப்ப அந்தக் கதிர்வீச்சே வேண்டாம்னு சொல்லியிருக்கணுமோ?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா, இன்னைக்கு இப்படி உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டீங்க" என்றார் டாக்டர்.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், பல தடவை. போனது முழுசாகத் திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார். இனி நூல் பிடித்து வேலை செய்ய முடியுமா என்று தெரியவில்லை. அடுத்த வாரம் வியாழக்கிழமை முதல் ஊசி. உன் அக்கா ஊசி போடும் அறை வாசலைத் தாண்டி வரமாட்டாளாம். எனக்கும் உள்ளே தனியாகப் போக மனசில்லை.

நேற்று அந்த வீட்டம்மாவிடம் போய், "என் மாப்பிள்ளை ஒட்டினது நேராத்தான் இருந்தது, கோணல் என் கண்ணுல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் முன்னால்தானே உன்னைத் தலைகுனிய வைத்தேன். இதற்குப் பிறகும் உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை.

மாமா


மார்ச் 30

மாமா,

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை சாயங்காலம் அங்கே இருப்பேன்.

அக்கா வெளியே இருக்கட்டும், உள்ளே நான் வருகிறேன். பயமாக இருந்தால் என் கையை எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்குங்கள். கூட வந்திருப்பது யார் என்று நர்ஸ் கேட்டால், பெண்டாட்டியின் தம்பி என்று சொல்லாதீர்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து டைல் ஒட்டுகிறவர்கள் என்று சொல்லுங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை